சொர்ணம்மாவுக்கு இருமல் வராத காலை

நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் சொர்ணம்மாவின் பொறுமை பேர்போனது. பால் வெட்டும் கத்தி கட்டைவிரலைக் கிழித்தபோது, முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மீதி மரங்களையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். மகள் பானு பிறந்தபோது, குழந்தை அழுத பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே விஷயம் தெரியும்.

அப்படிப்பட்டவளைப் பித்தப்பைக் கல் படுத்தி எடுத்தது. சோறு இறங்கவில்லை. கணவர் முனியாண்டி அவளைக் கப்பலேற்றிப் போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பை வீங்கிவிட்டது, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள்.

அதே காலையில் அதே ஆபரேஷன் பக்கத்துக் கட்டில் ஷீலாவுக்கும் நடந்தது. அதே ஊரில் டெலானிப்பூர் பகுதியில் டீச்சர், சின்ன வயசு. கையில் ஊசி குத்த வந்தபோதே கண்ணை மூடிக்கொண்டு அழுதவள்.

மறுநாள் விடிந்ததும் ஷீலா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். சொர்ணம்மா கட்டை போல் கிடந்தாள். விலா எலும்புக்குக் கீழே யாரோ நெருப்புக் கங்கைச் சொருகி வைத்தது போல இருந்தது. ரெண்டு பேருக்கும் ஒரே வலி ஊசிதான். ஷீலா அது ஏறியதும் தூங்கிப்போனாள். சொர்ணம்மாவுக்குத் தலை சுற்றியதே தவிர, வலி அசையவில்லை.

"அந்தப் புள்ள எந்திரிச்சு ஒக்காந்திருக்கு, பாரு. ஒனக்கு என்னடி ஆச்சு?" என்றார் முனியாண்டி.

அவர் பயத்தில் கேட்டார். அவள் காதில் அது ஏச்சாக விழுந்தது. அதன்பிறகு சிஸ்டர் வந்து, "தர்த் ஹை?" என்று வலியை விசாரித்தபோதெல்லாம், "நஹி சிஸ்டர், டீக் ஹை", இல்லை, நல்லாத்தான் இருக்கேன் என்றே சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு மேல்மூச்சாக மட்டும் மூச்சு விட்டாள்.

மயக்க மருந்து டாக்டர் உமா மகேஸ்வரி வார்டுக்கு வந்தார். தமிழ் பேசுகிறவர். வலி இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை.

"ஒரு தடவ நல்லா இருமுங்கம்மா."

சொர்ணம்மா வாயைத் திறந்தாள். இருமல் வரவில்லை. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது.

"இருமல் வரலீங்க."

"பொய் சொல்றாங்க டாக்டர்," என்றாள் ஷீலா. "ராத்திரி முழுக்கப் போர்வையக் கடிச்சிட்டுக் கெடந்தாங்க."

டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்தார். "ஏம்மா மறைச்சீங்க?"

"ஒரே ஆபரேஷன், ஒரே ஊசி. அந்தப் பொண்ணுக்குக் கேட்டுச்சு, எனக்குக் கேக்கல. நான்தான் சோதாவாப் போயிட்டேனுங்க."

சொல்லும்போதே கண்ணீர் காதுக்குள் வழிந்தது. அவள் அழுது முனியாண்டி பார்த்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் முதலில் வயிற்றை மெல்லத் தொட்டுப் பார்த்தார், காயத்தைப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். வேறு கோளாறு எதுவும் இல்லை.

"நீங்க சோதா இல்லம்மா. அந்த மருந்து உடம்புக்குள்ள போய் வேறயா மாறினாத்தான் வலியப் பிடிக்கும். சிலர் உடம்பு அத மாத்தும், சிலர் உடம்பு மாத்தாது. பொறவிலேயே அப்படி. உங்களுக்கு வேற மருந்து. ஆனா வலிய மறைச்சு மூச்ச அடக்கினீங்கன்னா நெஞ்சுல சளி கட்டிடும்."

புது ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். நடுநடுவே நிறுத்தி, "இப்ப எப்படி?" என்று கேட்டார். கங்கு மெல்லச் சாம்பலானது. இறுகிக் கிடந்த விரல்கள் கட்டில் கம்பியை விட்டன. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சொர்ணம்மா ஒரு முறை இருமினாள். ஷீலா கை தட்டினாள்.

முனியாண்டி வராந்தாவுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் அப்படிக் கேட்டுட்டேன்," என்றார். அவள் அதற்குள் தூங்கிவிட்டிருந்தாள்.

அடுத்த வருஷம் மகள் பானுவின் பிரசவத்துக்கு சிசேரியன் என்றார்கள். சொர்ணம்மா முன்கூட்டியே அதே டாக்டரைத் தேடிப் பிடித்துவிட்டாள். "எங்க ரத்தத்துக்கே அந்த ஊசி கேக்காதுங்க. எம் மவள நீங்கதான் பாத்துக்கணும்."

"கேக்காமலும் போகலாம், கேக்கவும் செய்யலாம். ரெண்டுக்கும் தயாரா இருக்கேன்," என்றார் டாக்டர்.

பேத்தி பிறந்தாள். பயத்தோடு உள்ளே போன சொர்ணம்மா மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வேர்வை இல்லை.

"வலிக்குதாடி? மறைக்காமச் சொல்லு."

"கொஞ்சந்தாம்மா. ஒனக்குக் கேக்காத அதே ஊசிதானாம், போட்டதும் அடங்கிருச்சு. பசிதான் உயிர் போவுது, எப்பச் சாப்பாடு தருவாங்க?"

சொர்ணம்மா சிரித்தாள். வார்டுக்கே கேட்கும்படி வாசலைப் பார்த்துச் சொன்னாள்: "சிஸ்டர், எம் மவளுக்குக் கேக்குது!"