முன்சீட்டுக்காரியின் கை

கம்பத்திலிருந்து மலையேறிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் முன்சீட்டு என்றால் ஏதோ மரியாதை என்று பின்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நினைக்கிறார்கள். வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும். அந்தச் சீட்டுக்கு ஒரு வேலை உண்டு. டிரைவர் அண்ணனுக்குப் போன் வந்தால் எடுத்து, யார் என்று பெயரைப் படித்துச் சொல்லி, அவர் காதில் வைத்துப் பிடிக்க வேண்டும். அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "ஆங்... சொல்லுங்க... கேக்குது" என்பார். பேசி முடித்ததும் தலையை லேசாக ஆட்டுவார். அதற்கு, கையை எடு என்று அர்த்தம். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், கொஞ்சம் மலையாளமும் புரியும் என்பதால் இந்தப் பதவி என் தலையில் விழுந்தது. அதிலிருந்து வலது தோள்பட்டை வலிதான். டாக்டரிடம் காரணம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

போனை எடுக்காமல் ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். கேட்பவர்கள் தோட்ட வேலைக்குப் போகாதவர்களாகத்தான் இருப்பார்கள். இன்று எந்தக் காட்டில் காய் எடுப்பது, எத்தனை ஆள் வேண்டும் என்பதையெல்லாம் மேலே எங்களை வேலை வாங்கும் கங்காணி காலையில் மழையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார். பிறகு ஜீப் டிரைவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். யார் முதலில் எடுக்கிறாரோ அந்த ஜீப்பில் இருக்கும் பெண்களுக்கு அன்றைக்கு வேலை. எடுக்காத ஜீப் மேலே வரை போய், டீயைக் குடித்துவிட்டு இறங்கி வர வேண்டியதுதான். அவர் கூப்பிடும் நேரம் நாங்கள் பாதி மலையில் இருப்போம். மலையில் எல்லா இடத்திலும் டவர் கிடைக்காது. கிடைக்கிற இடமெல்லாம் வளைவு. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் எட்டிப் பார்த்தால் கம்பம் ஊரே கீழே கிடக்கும். சரியாக அங்கேதான் போன் அடிக்கும்.

காதில் மாட்டிக்கொள்ளும் சாமான் ஒன்றை அண்ணன் வாங்கிப் பார்த்தார். ஜீப் போடுகிற சத்தத்தில் அதில் ஒரு எழவும் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டால் பின்னால் இருப்பவர்களின் பேச்சில் கங்காணியின் குரல் காணாமல் போய்விடும். அதனால் என் கை.

எங்கள் பக்கத்து ஜீப்புகளில் எல்லாம் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. வண்டி ஓட்டுகிறவர் போனைக் கையில் பிடிக்கக்கூடாது என்கிறது சட்டம். அவர் எங்கே பிடித்தார், பக்கத்தில் இருப்பவள்தானே பிடிக்கிறாள் என்று எங்களுக்கு வசதியாக நாங்களே ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தோம். எல்லோரும் அதை நம்பவும் செய்தோம்.

கேரளப் பக்கம் ரோட்டில் கேமரா வைத்தபோதுகூட யாரும் பயப்படவில்லை. ஒருநாள் காலை, வண்டியில் ஏறும்போதே அண்ணன் முகம் சரியில்லை. போனை நீட்டினார். அபராதம் என்று ஒரு செய்தி. கூடவே ஒரு போட்டோ. கண்ணாடிக்குள் அவர் முகம் தெளிவாக இருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். காதருகே போனோடு இன்னொரு கை. நாலு கண்ணாடி வளையல், கோயில் கயிறு, ஏலக்காய்க் கறை போகாத நகம். என் முகம் மட்டும் வெளிச்சம் பட்டு வெள்ளையாகப் போயிருந்தது. போன் கை மாறிக் கை மாறிப் பின்சீட்டுக்குப் போனது.

"அடியே, ஒங் கையி நல்லா விழுந்திருக்குடி. பிரேம் போட்டு மாட்டிரு" என்று ஒருத்தி சொல்ல, வண்டியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் விடவில்லை. ஒருநாள் வேலையைப் போட்டுவிட்டு அந்தப் போட்டோவோடு அபராதம் போட்ட ஆபீசுக்குப் போய் வாதாடினார். எம் மேல என்ன தப்பு, ரெண்டு கையும் ஸ்டியரிங்கிலதான இருக்கு என்று கேட்டிருக்கிறார். அங்கே இருந்தவர் போட்டோவை ஒரு தடவை பார்த்துவிட்டு, கை யாருடையது என்பது கேள்வி இல்லை, காது யாருடையது என்பதுதான் கேள்வி என்றாராம். இன்னொரு தரம் மாட்டினால் லைசென்சை நிறுத்தி வைத்துவிடுவோம் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

லைசென்ஸ் நின்றால் ஜீப் நிற்கும். ஜீப் நின்றால் நாங்கள் நிற்போம். கீழே வயல் வேலைக்கு ஏற்கெனவே ஆள் அதிகம். அண்ணன் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார். ஓடுகிற வண்டியில் இனி போன் கிடையாது. அகலமான இடம் வந்தால் ஓரங்கட்டிப் பேசுவார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அகலமான இடம் வருவதற்குள் டவர் போய்விடும், வேலை அடுத்த ஜீப்புக்குப் போய்விடும். இரண்டு நாள் அப்படியே திரும்பி வந்தோம். பொட்டலம் கட்டிப்போன சோற்றைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பிட்டால் அது தொண்டையில் இறங்காது. பட்டவர்களுக்குத் தெரியும்.

"கேமராவுக்கு முன்னால மட்டும் எறக்கிக்க. மத்த எடத்துல பேசுப்பா" என்று பின்னாலிருந்து ஒரு வயதானவர் கத்தினார்.

"வளைவுல உருண்டா கேமராவா வந்து தூக்கும்?" என்று அண்ணனும் கத்தினார். நான் நடுவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே பட்டது. அதுதான் அலுப்பு.

என் தம்பி வளைகுடா நாட்டில் டிரைவராக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கூப்பிடுவான். அவனிடம் இதைச் சொன்னபோது, "அக்கா, இங்கன தொட்டாலே அபராதம். லைசென்சுல கரும்புள்ளி வேற" என்றான். இங்கிலாந்தில் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தாலும் கையில் எடுக்கக்கூடாதாம், ஜப்பானிலும் கெடுபிடிதானாம். அவனோடு வேலை செய்கிறவர்கள் எந்தெந்த நாட்டிலோ ஓட்டிவிட்டு வந்தவர்கள், அவர்கள் சொன்ன கதை. உலகம் பூராவும் இதே பாடுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. கடைசியில் அவன் சொன்ன ஒன்றுதான் மனதில் நின்றது. அவன் கம்பெனியில் கூப்பிடுகிறவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டாம். "வண்டி ஓட்டுறியா?" என்று முதலில் கேட்க வேண்டும். ஆமாம் என்றால் வைத்துவிட வேண்டும்.

மறுநாள் கங்காணியின் போன் வந்ததும் நானே எடுத்துப் பேசினேன். "அண்ணே, வண்டி ஓடிக்கிட்டு இருக்கு. எங்கிட்டச் சொல்லுங்க. எந்தக் காடு?"

"டிரைவர்ட்டக் குடும்மா."

"அவுக ஓட்டுறாக. நான் சொல்லிருதேன்."

"பொம்பளையாளுக கிட்டச் சொல்லி வேல வாங்கவா நான் இங்கன இருக்கேன்? அவரு காதுல வையி." வைக்கவில்லை என்றதும் துண்டித்துவிட்டார். அன்றைக்கு வேலை கிடைத்தது என்றால், மற்ற ஜீப்புகள் எதற்கும் டவர் கிடைக்காமல் போனதால்தான். அதற்குப் பிறகு தினமும் இதே சண்டை. காய் எடுப்பதை இருபது வருஷமாகச் செய்பவள் நான். எந்தக் காட்டுக்குப் போகவேண்டும் என்பதை மட்டும் என் காதால் கேட்கக்கூடாது. எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வளைவைவிட அந்தக் குரல்தான் பயமாக இருந்தது.

அந்தச் சண்டைகளில்தான் ஒன்றைக் கவனித்தேன். அவர் பேசும்போது பின்னால் காற்று இரையும். ஹாரன் கேட்கும். கங்காணி மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கு வந்துகொண்டேதான் கூப்பிடுகிறார், ஹெல்மெட்டுக்குள் போனைச் சொருகிக்கொண்டு. அன்று நல்ல மூடுபனி. எதிரே வருகிற பஸ்ஸின் விளக்கு பக்கத்தில் வந்தபிறகுதான் தெரிந்தது. போன் அடித்தது. எடுத்ததும் அதே இரைச்சல்.

"அண்ணே, நீங்களும் வண்டியிலதான வாறீக?"

"அது ஒனக்கு எதுக்கு? டிரைவர்ட்டக் குடு."

"நிப்பாட்டிட்டுக் கூப்பிடுங்க. இந்தப் பனியில ரெண்டு பக்கமும் ஓடிக்கிட்டே பேச வேணாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பின்சீட்டில் ஒரே கூச்சல். இன்னைக்கும் வேல போச்சு, ஒன் வாயால போச்சு என்று ஆளாளுக்குப் பேசினார்கள். போன் மறுபடி அடித்தது. துண்டித்தேன். மறுபடி அடித்தது. துண்டித்தேன். பிறகு அடிக்கவே இல்லை. கங்காணி வேறு ஜீப்புக்குச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் அண்ணன் சடக்கென்று பிரேக் போட்டார். மோட்டார் சைக்கிள் ஓடைப்பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. கங்காணி ரோட்டோரம் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு வீங்கிக் கோணிப் போயிருந்தது. இடது உள்ளங்கை தோல் உரிந்து ரத்தமாக இருந்தது. வேறு பெரிய அடி இல்லை. எல்லோரும் இறங்கி ஓடினோம். அண்ணன் அவருடைய தோளைப் பிடித்து, "ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார்.

அப்போது போன் அடித்தது. எங்களுடையது இல்லை. அவருடைய போன், ஹெல்மெட்டிலிருந்து தெறித்துச் சேற்றில் கிடந்தது. எடுத்துச் சேலை முந்தானையில் துடைத்தேன். பழக்கம் விடவில்லை, பெயரைப் படித்துச் சொன்னேன். "மொதலாளி."

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குக் கோபமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது.

"காதுல வையிம்மா" என்றார்.

அவர் வண்டி ஓட்டவில்லை. தம்பி சொன்ன எந்த நாட்டுச் சட்டமும் இதைத் தடுக்காது. வைத்துப் பிடித்தேன். உள்ளே இருந்த குரல் எனக்கும் கேட்டது. "பணிக்கார் எத்தியோ?" ஆள் வந்தாச்சா என்று மட்டும்தான் கேட்டது.

"எத்தி, மொதலாளி. எல்லாரும் எத்தி" என்றார் கங்காணி. விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசி முடித்ததும் தலையை லேசாக ஆட்டினார்.

நான் கையை எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு எங்களுக்கு வேலை இருந்தது.