கண்ணை மூடிக்கொண்டு நுழைந்த வீடு

எழுபதுகளின் கடைசியில், கவுஞ்சி என்ற மலைக்கிராமத்துப் பெண்களான எங்களுக்குத் தீயணைப்புத் துறையினர் தீயிலிருந்து ஆளை மீட்கப் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டு, காலிக் கிடங்கைப் புகை மூடிய வீடாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சுவரைத் தடவித் தவழ்ந்துபோய், மயங்கிய ஆளுக்குப் பதிலாகக் கிடந்த உருளைக்கிழங்கு மூட்டையை இழுத்து வந்தோம். எங்களுக்கு அது வெறும் வேடிக்கை.

அந்த மழைக்காலத்தில் எங்கள் ஊர்ச் செல்லையா மாமா வீட்டில் தீப்பிடித்தது. அவர் உள்ளே இருந்தார். நானும் என்னோடு பயிற்சி எடுத்த மாரியக்காவும் நுழைந்தோம். புகையில் கண் எரிந்து, திசை தெரியாமல் திணறினேன்.

“ஏ புள்ள, கண்ண மூடு. கெடங்குன்னு நெனச்சுக்க,” என்றாள் அக்கா.

மூடினேன். சுவர் கைக்குத் தட்டுப்பட்டது. மயங்கிக் கிடந்தவரை வெளியே இழுத்துப் போட்டோம்.

கண் விழித்த மாமா, “மூட்டை மாதிரி இழுத்துட்டீங்களே,” என்று முனகினார்.

“மூட்டை இம்புட்டுப் பேசாதுங்க மாமா,” என்றாள் அக்கா.

கூடி நின்ற ஊரே சிரித்தது. இன்றும் வழி தெரியாமல் தவிக்கும்போது நான் முதலில் கண்ணை மூடிக்கொள்கிறேன்.