தாளைக் கவிழ்த்து வைத்த பிள்ளை

இரண்டு வருடங்களுக்கு முன், மாரி தொடங்கிய ஒரு சனிக்கிழமை, கல்முனையில் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு மண்டபத்தில் நடந்தது இது. நான் சாய்ந்தமருதில் நாடகம் படிப்பிக்கிற ஆசிரியை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. மீன்காரர் சத்தியம் பண்ணினாலும் செவுளைத் திறந்து பார்க்காமல் வாங்க மாட்டேன்.

அந்த வருடம் எங்கள் நாடகக் குழு பழைய ரஷ்ய நாடகம் ஒன்றை எடுத்திருந்தது. பனிக்காலத்தில் பெரிய வீடொன்றில் அடைபட்ட குடும்பம், நாள் முழுக்கத் தேநீர் குடித்துக்கொண்டு ஒருவரையொருவர் குறை சொல்கிற கதை. எங்கள் ஊர்க் கல்யாண வீடு மாதிரித்தான், குளிர் மட்டும் கூட. தமிழ்ப் பிரதியைக் கேட்டு வந்த எல்லோருக்கும் ஒரு மாதத்துக்கு முன்பே கொடுத்தோம். நடிகர் தேர்வுக்கு எந்தப் பகுதி என்பதை மட்டும் சொல்லவில்லை.

என்னோடு தேர்வுக்கு இருந்தவர் காரைதீவைச் சேர்ந்த ஓர் ஆசிரியர், எல்லோருக்கும் அவர் 'சேர்'. "கதாநாயகி அழுற பேச்சைக் குடுப்பம் டீச்சர்" என்றார். நான் விடவில்லை. அதைத்தான் எல்லோரும் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிக்கொண்டு வருவார்கள். யாரும் திரும்பிப் பாராத பேச்சு வேண்டும். மூன்றாம் அங்கத்தில், விருந்தாளிகள் போன பிறகு சமையல்காரி கோப்பைகளைக் கழுவிக்கொண்டே தனியாகக் கதைக்கிற ஒரு பக்கம் இருந்தது. அதையே பிடித்தேன்.

முதல்நாள் பின்னேரம் நானே போய்ப் போட்டோக்கொப்பி எடுத்து, உறைகளுக்குள் போட்டு ஒட்டினேன். கடையில் நின்ற இளைஞன் தாளைத் தருவதற்கு முன் அதைச் சற்று நேரம் பார்த்தான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் வெளியே காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து உறையைப் பிரித்துத் தடுமாறி வாசித்தார்கள். ஏழாவதாக வந்தவள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த ஒரு பிள்ளை. உறையைப் பிரித்தாள், முதல் வரியைப் பார்த்தாள், தாளை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். ஒரு சொல் பிசகவில்லை. அவளுடைய கைகள் அங்கே இல்லாத கோப்பைகளைக் கழுவின. சேர் வாயைப் பிளந்துகொண்டு இருந்தார். எனக்கோ சந்தேகம் தட்டியது. வாசலைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் சாவியோடு அங்கே நின்றவன், அல்லாஹ்வே, அந்தப் போட்டோக்கொப்பிக் கடை இளைஞன்!

"அது யாரு புள்ள?"

"என்ட காக்கா, டீச்சர்." அவளுடைய அண்ணன்.

"அப்ப, தாள் நேத்தே வீட்டுக்கு வந்திட்டு, என்ன?"

மண்டபத்தில் குழுவினரும் வாசித்து முடித்தவர்களுமாக இருபது பேர் இருந்தார்கள்.

"இல்ல டீச்சர். இப்பதான் கண்ட."

"பொய் சொல்லாத. களவாப் படிச்சிட்டு வந்து எனக்கே நடிச்சுக் காட்டுறியா?"

அவள் அழவில்லை. "வேற எங்கயாச்சும் கேளுங்க டீச்சர்" என்றாள்.

கேட்டேன். பிரதியை ஏதோ ஓர் இடத்தில் விரித்து, கிழவர் ஒருவர் பேசும் வரியை எடுத்துக் கொடுத்தேன். அவள் அடுத்த வரியைச் சொன்னாள், அதற்குக் கிழவரின் பதிலையும் சொன்னாள், அடைப்புக்குள் இருந்த 'சற்று நேரம் பேசாமல் நிற்கிறார்' என்பதையும்கூடச் சொன்னாள். வேறு பக்கம் புரட்டினேன். அங்கிருந்தும் ஓடினாள். இன்னொரு பக்கம். பிரதியை மூடி வைத்தேன்.

"முழுசையும் பாடமாக்கிட்டியாம்மா?" என்று சேர் கேட்டார்.

"ஓம் சேர். குர்ஆன் மத்ரசாவில வந்த பழக்கம். எந்த இடத்தில கேப்பாங்க எண்டு தெரியாதே. அதால எதையும் முழுசாத்தான் பாடமாக்குவன்."

என் சொந்தத் தம்பி ஹாபிழ், குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவன். நடுவிலிருந்து ஒரு வசனத்தை எடுத்துக் கொடுத்து, "ம், ஓது" என்று அவனிடம் பாடம் கேட்டவளே நான்தான். தெருவுக்குத் தெரு இப்படி ஒரு பிள்ளை இருக்கிற ஊரில் பிறந்தும், அப்படியொரு பிள்ளை முன்னால் நின்றபோது எனக்குக் களவுதான் கண்ணில் பட்டது. வெட்கமாக இருந்தது.

"முக்கிய பாகம் உனக்குத்தான் மகள்" என்றேன் அவசர அவசரமாக.

அப்போதுதான் அண்ணன் உள்ளே வந்தான். குரலை உயர்த்தவில்லை. "வாப்பா விடவே இல்ல டீச்சர். பொம்புளப் புள்ள மேடையில ஏறினா பேர் கெட்டுப்போகும் எண்டார். ஒரு மாசமா மல்லுக்கட்டி, நான் பொறுப்பு எண்டு சொல்லிக் கூட்டி வந்த. மேடையில ஏற முதலே பேர் கெட்டுப்போச்சி. இனி அவரிட்ட நான் என்னத்தச் சொல்ற?"

அவள் நாங்கள் கொடுத்திருந்த தன் பிரதியை என் முன்னால் வைத்துவிட்டு அவன் பின்னால் போனாள்.

அடுத்த நாள் அவர்கள் வீட்டுக்குப் போய் தகப்பன் உட்பட எல்லோர் முன்னாலும் என் பிழையை ஒத்துக்கொண்டு மாப்புக் கேட்டேன். தேநீர் தந்தார்கள். "மனசில ஒண்டும் இல்ல டீச்சர். ஆனா வாப்பா இனி விடமாட்டார்" என்றாள் பிள்ளை. மண்டபத்தில் இருந்த யாரோ எனக்கு முன்பே செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். களவு என்று நான் சொன்னதுதான் போய்ச் சேர்ந்திருந்தது, அவள் ஒப்புவித்தது போகவில்லை.

நாடகம் மேடையேறியது, வேறொரு பிள்ளை நடித்தாள், சனம் கைதட்டியது. நான் அவசரப்பட்டுச் சொன்ன ஒரு சொல்லுக்கு மாப்புக் கேட்க எனக்கு ஒரு நிமிடம்தான் எடுத்தது, அந்தச் சொல் சாத்திய கதவோ அவளுக்கு இன்னும் திறக்கவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.