மூன்று இறக்கையிலும் அடி

கழற்றிய ஸ்பார்க் பிளக்கை வினோதினி முதலில் மூக்கருகே கொண்டுபோவார். கண்ணை மூடி ஒரு தடவை முகர்வார். பிறகு அதைத் துடைக்காமல் வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அது முடிகிற வரையில் பக்கத்தில் நிற்பவர் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது. "இருங்க சார், மொதல்ல இவரு சொல்லட்டும்" என்பார். இவரு என்பது எஞ்சின்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் சாலையிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில் அவருடைய கடை. வயலுக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயர், புல் வெட்டும் மிஷின், மரம் அறுக்கும் ரம்பம் என்று பெட்ரோல் குடித்துப் புகை விடுகிற சின்ன எஞ்சின்களெல்லாம் அங்கே சுவரோரம் வரிசையில் காத்திருக்கும். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். மணிலா, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர். வயது முப்பத்தெட்டு இருக்கலாம். கேட்கிற தைரியம் எனக்கில்லை. சுடிதாருக்கு மேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, பின்னலைச் சுருட்டிக் காலருக்குள் விட்டிருப்பார். கழற்றிய திருகுகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக வைப்பார். முதல் குழியில் முதல் திருகு. அந்த அட்டையை யாராவது தெரியாமல் நகர்த்திவிட்டால் அன்று முழுவதும் அவரோடு பேச்சு கிடையாது.

கடலே இல்லாத இந்த மாவட்டத்தில் படகு மோட்டார் பார்க்க ஓர் ஆள் இருப்பார் என்று நாங்கள் நினைத்ததில்லை. நாங்கள் என்றால், செங்கம் சாலையில் ஊரைத் தாண்டி ஏரிக்கரையில் இருக்கிற ஒரு தனியார் படகுத்துறைக்காரர்கள். அருணகிரி முதலாளி. நான், வேணு, மேனேஜர். காசி படகு ஓட்டுபவர். சுப்பன் வாட்ச்மேன். ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிற வெள்ளைக்காரர்கள் சாயங்காலத்தில் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஏரியைச் சுற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மோட்டாரில் ஆகாயத்தாமரை சிக்கியபோது முதலாளிதான் வினோதினியை அழைத்துவந்தார். மருந்தடிக்கிற மிஷின் பார்க்கிறவருக்கு இது தெரியுமா என்று நான் கேட்டேன். "அவரும் இவரும் ஒரே ரகம்தான் சார். இவரு தண்ணியில நிக்கிறாரு, அவ்ளோதான்" என்றார் வினோதினி. அரை மணியில் ஓடவைத்தார்.

தண்ணீரில் நிற்பவரைப் பழுது பார்ப்பாரே தவிர, வினோதினி தண்ணீர்ப் பக்கம் போகமாட்டார். நீச்சல் தெரியாது. துறையின் விளிம்பிலிருந்து இரண்டு கஜம் தள்ளித்தான் நிற்பார். அதற்கே லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்வார். மோட்டாரைக் கழற்றிக் கரைக்குத் தூக்கி வருவது மற்றவர்கள் பொறுப்பு. கரையில் ஒரு நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதன்மேல் பலகை கட்டி, மோட்டாரை அதில் மாட்டிவிட்டால், பிறகு அவர் ராஜ்ஜியம்.

இனி என் கதைக்கு வருகிறேன். வினோதினியைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு என்னைப் பற்றிச் சொல்வது அடக்கமில்லைதான். ஆனால் அன்றைக்கு அவர் பழுது பார்த்ததில் பாதி நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மைத்துனன் அருண்பிரசாத் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்தான். காசி சாப்பிடப் போயிருந்தார். மேனேஜர் என்றால் படகெல்லாம் ஓட்டுவீர்களா மாமா என்று மைத்துனன் மனைவி மரியாதையாகத்தான் கேட்டாள். ஓட்டுவேன் என்றேன். பதினோரு வருஷமாகக் காசி ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சினிமா பார்ப்பவன் எல்லாம் சண்டை போடத் தெரிந்தவன் என்றால், நானும் படகு ஓட்டத் தெரிந்தவன்தான். ஏரியின் நடுவரை போய்த் திரும்பினோம். துறை நெருங்கியது. வேகத்தைக் குறைக்கக் கியரைப் பின்னால் தள்ளிக் கைப்பிடியை முறுக்க வேண்டும். நான் முன்னால் தள்ளி முறுக்கினேன். படகின் மூக்கு துறையில் முட்டி, உடம்பு திரும்பி, பின்பக்கம் தண்ணீருக்குள் இருந்த சிமெண்ட் படியில் மோட்டார் மோதியது. நான் மல்லாந்து விழுந்தேன். மோட்டார் நின்றது. மைத்துனனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.

எழுந்து நின்றதும் என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம்: "மோட்டார் திடீர்னு நின்னுபோச்சு." யாரும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். ஒரு பொய்யைச் சொன்னவனுக்கு அதற்குத் துணைக்கு இன்னொன்றும் தேவைப்படுகிறது. முதலாளிக்கு போன் செய்து, மோட்டார் நடுவழியில் நின்றதால்தான் படகு கட்டுக்கு அடங்காமல் மோதியது என்றேன். ஒழுங்காகப் பராமரித்திருந்தால் நிற்குமா என்று அவர் கேட்டார். பராமரிப்பது காசி. அவர் ஒழுங்காகத்தான் பராமரிக்கிறார் என்று நான் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த காரியம். மெக்கானிக் பார்த்துச் சொல்கிற வரையில் காசி வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காசி எனக்கு போன் செய்தார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "காலைல நல்லாத்தான சார் ஓடுச்சு?" என்று மட்டும் கேட்டார். பார்க்கலாம் காசி என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று மதியம் நானும் சுப்பனும் தோள் கழன்று போகிற அளவுக்கு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துப் பார்த்தோம். மோட்டார் கிளம்பவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம். நிஜமாகவே கெட்டுப்போயிருந்தால் நான் சொன்னது பொய்யில்லையே.

செவ்வாய்க்கிழமை காலை வினோதினி வந்தார். அதற்குள் நான் போனில் மூன்று வீடியோ பார்த்துத் தேறியிருந்தேன். கார்புரேட்டர் அடைத்திருக்கலாம், காயில் போயிருக்கலாம், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று வரிசையாக எடுத்துச் சொன்னேன். அவர் பிளக்கை முகர்ந்து முடித்துவிட்டு, "நீங்க சொல்றதெல்லாம் சரி சார். வேற மோட்டாருக்கு" என்றார். சுப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிளக் பெட்ரோலில் ஊறிக் கிடந்தது. கிளம்ப முடியாத எஞ்சினை யாரோ ஜாஸ்தி இழுத்திருக்கிறார்கள் என்றார். பிறகு மோட்டாரின் முன்பக்கம் ஒரு பொத்தானுக்கு அடியில் விரலை வைத்துத் தடவினார்.

"இங்க மாட்டியிருந்த செவப்புக் கயிறு எங்க சார்?"

என் மேஜை இழுப்பறையில் இருந்தது. படகில் கிடந்தால் காணாமல் போய்விடும் என்று பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன். சதி செய்கிற அளவுக்கு எனக்கு அறிவு போதாது. அந்தக் கயிறு எதற்கென்றே எனக்குத் தெரியாது. ஓட்டுகிறவர் மணிக்கட்டில் ஒரு முனை, மோட்டாரில் கவ்விக்கொண்டு மறுமுனை. அவர் விழுந்தால் கவ்வி பிடுங்கிக்கொள்ளும், மோட்டார் நின்றுவிடும். கவ்வியைத் திரும்ப மாட்டுகிற வரையில் தலைகீழாக நின்று இழுத்தாலும் கிளம்பாது. காசி தினமும் அதை எனக்கு மாட்டிக் காட்டாத குறைதான். ஞாயிற்றுக்கிழமை நானும் அவரைப் போலவே மாட்டிக்கொண்டேன், கைக்கு அழகாக இருந்தது.

கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். வினோதினி கவ்வியை மாட்டினார், புதுப் பிளக் போட்டார், இரண்டாவது இழுப்பில் மோட்டார் டிரம்முக்குள் உறுமியது. கியரைப் போட்டதும் சத்தம் ஏறியது, டிரம் தண்ணீர் மட்டும் அசையவில்லை. உடனே நிறுத்தினார். "இவரு ஓடுறாரு, இறக்கை ஓடல" என்றார்.

மோட்டாரை வெளியே எடுத்து, அடியில் தண்ணீரைத் தள்ளுகிற விசிறியைக் கழற்றினார். அதற்குக் குறுக்கே ஒரு பித்தளைப் பின் இருக்கும். அதுதான் எஞ்சின் சுற்றுகிற தண்டையும் விசிறியையும் சேர்த்துப் பிடிப்பது. அது மூன்று துண்டாகக் கிடந்தது. துண்டுகளை உள்ளங்கையில் வைத்து எண்ணெயைத் துடைத்தார். நான் சும்மா இராமல், இந்த முறை இரும்பிலேயே போட்டுவிட்டால் உடையாதே என்று யோசனை சொன்னேன்.

"உடையணும்னுதான் சார் இத வெச்சிருக்காங்க. இது உடையலன்னா உள்ள கியர் பல்லு உடையும்."

அடுத்து, தண்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு விளக்குமாற்றுக் குச்சியை அதன் நுனிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கையால் சுற்றினார். குச்சிக்கும் தண்டுக்கும் இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடித் திருகைத் திறந்து கியர் ஆயிலை விரலில் வாங்கிப் பார்த்தார். தண்ணீர் புகுந்திருந்தால் டீ மாதிரி வெளுத்திருக்கும். தெளிவாகத்தான் இருந்தது. இவ்வளவும் செய்கிறபோது அவர் முகத்தில் இருந்த அமைதியை நான் ஆஸ்பத்திரியில் கூடப் பார்த்ததில்லை. பிறகு விசிறியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மூன்று இறக்கைகளையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். முதல் இறக்கையில் நின்றார். இரண்டாவதில் நின்றார். மூன்றாவதிலும் நின்றார். சுப்பனைப் பார்த்து, டிரம்முக்கு இன்னும் ரெண்டு குடம் தண்ணி எடுத்துனு வாங்கண்ணா என்றார். சுப்பன் போனதும்தான் என்னைக் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம எப்படி சார் ஆச்சு?"

"திடீர்னு நின்னுபோச்சும்மா. அப்புறம்தான் மோதுச்சு."

அவர் விசிறியை என் பக்கம் திருப்பினார். "நின்னுபோன இறக்கை மோதுனா ஒண்ணுலதான் சார் அடி படும். மூணுலயும் பட்டிருக்குது. மோதுற வரைக்கும் இவரு சுத்திக்கினுதான் இருந்திருக்காரு." அடி எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று விளிம்பைக் காட்டினார். "அதுவும் முன்னாடி போற கியர்ல."

ஏரியில் ஒரு கொக்கு நடந்துகொண்டிருந்தது. நான் அதைக் கவனமாகப் பார்த்தேன். அப்படிப் பார்க்க வேண்டிய கொக்கு இல்லை அது. காசி ரொம்ப நாளாக நம்மிடம் இருக்கிறவர், முதலாளி கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

வினோதினி திட்டவில்லை. உபதேசமும் செய்யவில்லை. அரத்தை எடுத்து, இறக்கைகளின் விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தார். "மொதலாளி கேட்டா, இவரு சொன்னதத்தான் சார் நான் சொல்வேன். அதுக்குள்ள நீங்க சொல்லிட்டா எனக்கு வேலை கம்மி."

புதுப் பித்தளைப் பின்னைப் போட்டு, விசிறியை மாட்டி, முட்டை அட்டையின் கடைசிக் குழி காலியாகிற வரையில் அவர் என் பக்கம் பார்க்கவில்லை. மோட்டார் மறுபடி டிரம்முக்குள் இறங்கியது. கியரைப் போட்டதும் தண்ணீர் சுழன்று வெளியே தெறித்தது. கியரை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும் என்று விட்டார். அப்போது முதலாளியின் வண்டி வந்து நின்றது. பின்சீட்டில் காசி. தீர்ப்பை அவரும் நேரில் கேட்கட்டும் என்று கையோடு கூட்டிவந்திருந்தார். காசி சலவைச் சட்டை போட்டிருந்தார்.

என்னாச்சு என்று முதலாளி கத்திக் கேட்டார். மோட்டார் சத்தத்தில் கத்தித்தான் கேட்க வேண்டும். வினோதினி என்னைக் காட்டினார். நான் சொன்னேன். சொன்னேன் என்றால், வாயை அசைத்தேன். சத்தத்தோடு சத்தமாக என் வாக்கியமும் கரைந்து போய்விடும், பின்னால் யாராவது கேட்டால் அன்றைக்கே சொன்னேனே என்றும் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு.

வினோதினி கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் நின்றது. ஏரிக்கரை அவ்வளவு நிசப்தமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"தப்பான கியர் போட்டேன், சார். மோதுறப்ப மோட்டார் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் விழுந்துதான் அது நின்னுச்சு. காசி மேல தப்பு இல்ல."

காசி என்னைப் பார்க்கவில்லை. டிரம்மருகே போய் மோட்டாரின் மூடியைத் தொட்டுப் பார்த்தார். அன்று சாயங்காலமே அவர் படகில் ஏறிவிட்டார். என்னிடம் பழையபடி பேச அவருக்கு ஒரு மாதம் ஆனது. எனக்கு வேலை போகவில்லை. படகில் கால் வைக்கக் கூடாது என்று மட்டும் உத்தரவு. வெள்ளைக்காரர்களுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டிவிடுவதோடு என் கப்பல் உத்தியோகம் முடிகிறது. ஆனால் இதெல்லாம் பிறகு தெரிந்தவை. அந்த நிமிஷத்தில் என் கண்ணுக்கு முன்னால் முதலாளியின் முகம் மட்டும்தான் இருந்தது, அது கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்துகொண்டிருந்தது.

அவர் வாயைத் திறந்தார். வினோதினி குனிந்து, ஸ்டார்ட்டர் கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தார். மோட்டார் உறுமியது. முதலாளியின் உதடுகள் அசைந்தன, கை அசைந்தது, ஒரு சொல்லும் என்னை வந்து சேரவில்லை. நிறுத்தச் சொல்லி அவர் வினோதினிக்குச் சைகை காட்டினார். வினோதினி எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்துக் கொஞ்சம் கேட்டார். பிறகு முதலாளியைப் பார்த்து, கறுத்த பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார்: இன்னும் பத்து நிமிஷம்.