அரசர் தலை இல்லாத காசுகள்

சென்ற ஞாயிறன்று கரையான்சாவடி வாசகசாலையிலிருந்து நானும் என் தகரப் பெட்டியும் வெளியேற்றப்பட்டோம்.

குற்றம் என்ன? ஆண்டு விழா நாணயக் காட்சியில், நான் சேர்த்துவைத்திருக்கும் பித்தளை வில்லைகளையும் பரப்பினேன். சென்ற நூற்றாண்டில் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியில், தங்கள் சரக்கை விளம்பரம் செய்ய வியாபாரிகள் வந்தவர் கையில் திணித்த வில்லைகள் அவை. பூந்தமல்லிப் பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பும்போது போடும் பழஞ்சாமான் ஏலங்களில் ஒவ்வொன்றாகப் பொறுக்கியவை.

வாசகசாலைத் தலைவர் ஓய்வுபெற்ற தாசில்தார். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ராஜா தலை எங்கே?"

"கிடையாது ஐயா. இதை அடித்தவர் சோப்பு வியாபாரி."

"கடைக்காரன் குப்பைக்கு இங்கென்ன வேலை? எடு, எடு!"

மேடைப் பேச்சில் பழகிய என் நாக்கு அடங்குமா? "ஐயா, அரசரின் காசு ஆணையிடுகிறது, மறுப்பது குற்றம். இந்த வில்லையோ வாதாடுகிறது. எதிரில் நிற்பவர் மறுக்கலாம் என்று அறிந்தே வாதாடுகிறது. இவற்றுள் எது உயர்ந்தது?"

கைதட்டல் எழவில்லை. தலைவரின் விரல் வாசலைக் காட்டியது.

வீட்டுக்குப் போய்விடுவேனா? வாசகசாலைக்கு நேர் எதிரே, சாலையோரத்தில் துண்டை விரித்தேன்...

"இன்னா நைனா, செல்லாத காச பரப்பிகினு குந்திகினு கீறே?"

கீரை விற்கும் முனியம்மா கூடையை இறக்கினாள். சோப்பு வில்லையைக் கல்லில் சுண்டிப் பார்த்தாள். "தூ... பித்தாள!" எறியப் போனவள், நிறுத்தினாள். வில்லையின் மேல், நுரை பொங்கும் தொட்டியில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

"இன்னா எழுதிகீது?"

"எந்தக் கறையும் போய்விடுமாம்."

"வாழக்கறகூடவா?"

"அப்படித்தான் சொல்கிறான்."

"அப்ப எந்தக் கடையில கெடைக்குது, சொல்லு நைனா!"

மாட்டுவண்டிக்காரர் ஒருவர் குதித்து இறங்கினார். "அண்ணாத்தே, வண்டி மை போவுமா? என் வேட்டியப் பாரு. ஊட்ல தெனம் சண்ட!"

வியாபாரி என்றோ மறைந்திருப்பான், கடையும் இராது என்றேன். யார் கேட்டார்கள்? "மெட்ராஸ்ல கெடைக்கும்", "இவன் மறைக்கிறான்" என்று கூட்டம் பெருகிற்று. கடலும் காலமும் தாண்டி இன்னும் ஆள் பிடிக்கிறானே அந்தச் சோப்புக்காரன் — இவனல்லவா பேச்சாளன்!

உள்ளே காட்சியைப் பார்க்க ஆளில்லை. தலைவரே வெளியே வந்தார். கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"சரி, உள்ளே கொண்டுவா. ஓர் ஓரமாக வைத்துக்கொள்."

"மன்னிக்க வேண்டும் ஐயா," என்றேன். "தங்கள் ராஜாக்களை இங்கே கொண்டுவாருங்கள். துண்டில் இடம் இருக்கிறது."