கடலைப் போசியில் கடைசித் தாள்

பல்லடத்தில் ராமாமணி தன் வீட்டு முன்னறையில் வாடகை நூலகம் நடத்தினாள். பெரும்பாலும் துப்பறியும் நாவல்கள். சனிக்கிழமை மாலை வாசகிகள் அங்கே கூடுவோம். யாராவது ஒருத்தி பலகாரம் கொண்டுவருவாள். போன மாதம் ராமாமணி இறந்துவிட்டாள். அவளை நினைத்தால் எனக்கு அந்தக் கடலை விஷயம்தான் முதலில் வருகிறது.

அப்போது நாவல்களின் கடைசித் தாள் காணாமல் போய்க்கொண்டிருந்தது. கொலைகாரன் யாரென்று தெரியாமல் எல்லோரும் எரிச்சலில் இருந்தோம். ஒரு சனிக்கிழமை, ராமாமணியின் பள்ளிக்காலத் தோழி உம்மல் குல்சும் ஒரு தூக்குப்போசி நிறைய வறுத்த கடலை கொண்டுவந்தாள். நான் அள்ளியபோது மடித்த தாள் ஒன்றும் சேர்ந்து வந்தது. ஒரு நாவலின் கடைசித் தாள்.

"ஏனுங்க்கா, கொலைகாரன இதுக்குள்ளதான் ஒளிச்சு வெச்சிருந்தீங்களா?" என்றாள் லோகப்பிரியா, பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவள். எல்லோரும் சிரித்தோம்.

"எனக்குத் தெரியாது அம்மணி. பெருநாளுக்கு ஊடூடா பிரியாணி குடுத்தனுப்புன போசி. யாரூட்டுல இருந்து திரும்பி வந்துச்சோ, எம்மக வாங்கி வெச்சா" என்றாள் குல்சும்.

நாங்கள் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தோம். குல்சும் போசியை எடுக்காமலே எழுந்து போனாள். அடுத்த வாரம் வரவில்லை.

ராமாமணி அந்தக் கடலையை மென்றபடி யோசித்தாள். எங்கள் பக்கம் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. வீட்டில் இருப்பதைப் போட்டுத்தான் கொடுப்போம். அப்படியானால் கடலை குல்சுமுடையதல்ல. உப்புத் தண்ணீர் தெளித்து மணலில் வறுத்தது. அந்தப் பக்குவம் லோகப்பிரியாவின் மாமியார் நாச்சியம்மாளுடையது. லோகப்பிரியா டயட் என்று கடலையைத் தொடுவதே இல்லை; அதனால் அவளுக்கு அது அடையாளம் தெரியவில்லை.

ராமாமணி நேரே போய்க் கேட்டாள். நாச்சியம்மாள் மறைக்கவில்லை.

"நான் பாதி படிக்கறதுக்குள்ள இவ கடைசித் தாளப் பாத்துப்போட்டு, 'டாக்டருதான் கொன்னானுங்க அத்த'ங்கறா. நான் என்ன பண்ணட்டும் கண்ணு? கிழிச்சுக் கடலச் சட்டிக்குள்ள ஒளிச்சுப்போடுவேன். அப்பறம் மறந்துருது. போசிக்கு அள்ளிப் போடறப்போ அதும் சேந்து போயிருக்கும்."

அன்றே மாமியாரும் மருமகளும் குல்சும் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். குல்சும் டீ கொடுத்து அவர்களை அனுப்பிவிட்டு, கூடப் போயிருந்த ராமாமணியை நிறுத்தினாள்.

"நாந்தான் கிழிச்சேன்னு நீயும் நெனச்சயா?"

"தாளப் பாத்தப்ப நெனச்சேன். கடலயத் தின்னப்பறம் நெனக்கல."

"அப்ப எம்மேல நம்பிக்க இல்ல. கடல மேலதான்."

ராமாமணி இதை எங்களிடம் அப்படியே சொன்னாள். தனக்குச் சாதகமாக எதையும் சேர்க்கவில்லை.

குல்சும் மறுபடி வர வெகுநாள் ஆயிற்று. அதுவரை புது நாவல் எது வந்தாலும் ராமாமணி முதலில் அவள் வீட்டுக்கே எடுத்துப் போனாள். அவள் வரத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கடைசியாகக் கொண்டுபோனதைக் குல்சும் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறாள். மீதியைப் படிக்கச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.