ஜவ்வு கிழிந்த நாயகியும் நானும்

அந்த நாவலுக்கு ஒரு நட்சத்திரம்கூடப் போடக் கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டேன். கைப்பேசிச் செயலியில் வாராவாரம் வந்து முடிந்த தொடர்கதை அது. கல்லூரி அணியில் என்னோடு வாலிபால் ஆடியவள், இப்போது கணவனோடு துபாயில் இருப்பவள், குரல்பதிவு போட்டிருந்தாள். "ஒன் கதைய யாரோ எழுதிட்டாகடி. அதுலயும் நாயகிக்கு முட்டி ஜவ்வு கிழிஞ்சு போகுது. அவனும் பசங்க டீம் கேப்டன்தான். படிச்சுட்டுச் சொல்லு."

பள்ளத்தூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காரைக்குடியிலிருந்து போக, வர, பஸ்ஸில்தான் வாசிப்பு. நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தால்தான் இடது காலை நீட்ட முடியும். தாண்டிப் போகிறவர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

எழுதியவர் வாலிபால் மைதானத்தின் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. நாயகி செட்டராம், அதாவது மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தை எடுத்துக் கொடுப்பவள். ஆனால் கதையில் எல்லாப் பந்தையும் அவளே அடித்துத் தள்ளுகிறாள். இறுதிப் போட்டியில் பாதி ஆட்டத்தில் இடைவேளை விடுகிறார்கள். நாயகன் அந்த நேரத்தில் தண்ணீர் பாட்டிலோடு வந்து கண்ணோடு கண் பார்க்கிறான். வாலிபாலில் ஏதம்மா இடைவேளை? செட் முடிந்தால் பக்கம் மாறுவதோடு சரி. அறுவை சிகிச்சை முடிந்து ஒரே மாதத்தில் நாயகி துள்ளிக் குதித்து ஆடுகிறாள். பஸ்ஸில் வாய்விட்டே சிரித்தேன். பக்கத்து இருக்கை அம்மா தள்ளி உட்கார்ந்தார்.

எனக்கு அறுவை சிகிச்சையே நடக்கவில்லை. டாக்டர் உடனே செய்யச் சொன்னார். வீட்டில் சம்மதிக்கவில்லை. "கல்யாணம் ஆகாத புள்ள. கால்ல தழும்போட எப்படிக் கட்டிக் குடுக்கிறது?" என்றார் அம்மா. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார்கள். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. அவன் இருக்கிறானே என்ற தைரியம். பசங்க அணித் தலைவன். நான் மைதானத்தில் விழுந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். வேறு யாரையும் கட்ட மாட்டேன் என்று சொன்னவன்.

இரண்டு வீடும் ஒரே வேதம், கத்தோலிக்கர்கள் என்பதால் பேச்சு எளிதாகத் தொடங்கியது. எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறோம் என்று பலகாரத் தட்டோடு உடனே வந்துவிட மாட்டார்கள். முதலில் ஞாயிறு பூசையில் பார்ப்பார்கள், பிடித்தால்தான் வீடு. அப்படி அவர்கள் ஊர்க் கோயிலுக்குப் போனோம். அங்கே பெஞ்சு கிடையாது, தரையில் பாய். முடியாதவர்களுக்குப் பின்னால் சில நாற்காலிகள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் அம்மா முழங்கையைப் பிடித்து இழுத்தார். "இன்னைக்கி ஒரு நாளு பல்லைக் கடிச்சுக்க."

கடித்தேன். எழுந்தேற்றத்தின்போது, சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் நேரம், எல்லோரோடும் முழங்காலில் நின்றேன். பிறகு சபை எழுந்தது. என்னால் எழ முடியவில்லை. முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்க்க, இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அவன் ஆண்கள் பக்கம் பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பூசை முடிந்து வாசலில் அவன் அம்மா கேட்டார். "புள்ளைக்கிக் கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல, நேத்துப் படியில வழுக்கிட்டா. தப்பா நெனச்சுக்கிறாதீக" என்றார் என் அம்மா.

அவர் மகனைப் பார்த்தார். "நீ சேந்து வெளையாண்டவந்தானப்பா. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றான்.

அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. பிறகு வந்த வரன்களும் நடையைப் பார்த்ததும் நழுவின. ஜவ்வோடு நிற்காமல் மூட்டும் தேய்ந்துவிட்டது; இனிமேல் ஜவ்வைத் தைத்துப் பயனில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். இதையெல்லாம் எப்படித் தாங்கினேன் என்றால், ஒரே ஒரு சமாதானத்தால். அந்த வாசலில், அத்தனை உறவுக்காரர்கள் நடுவில், எந்த ஆண்பிள்ளைக்கும் வாய் வந்திருக்காது. அவன் கெட்டவன் இல்லை. அந்த இடம் அப்படி. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது இந்தச் சமாதானம்.

தொடரின் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தை காரைக்குடி நெருங்கும்போது படித்தேன். ஆடிய ஆட்டத்தில் நாயகிக்கு மறுபடி முட்டி போய்விட்டது. நாயகனின் தாய் நடுவீட்டில், சொந்தக்காரர்கள் முன்னால், அந்தப் பெண்ணின் காலைப் பற்றிக் கேட்கிறார். நான் நக்கலாகக் காத்திருந்தேன். இங்கே ஒரு மூன்று பக்க வசனம் வரும், மழை வரும், எல்லாரும் அழுவார்கள். ஒன்றும் வரவில்லை. "தெரியும்மா. முட்டி போயிருச்சு. அவளுக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்கிறான். அவ்வளவுதான். பிறகு காபி வருகிறது.

நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்கவில்லை.

தோழி மறுநாள் அழைத்தாள். "எப்படிடி இருக்கு?"

"வெளையாட்டு பூராம் தப்பு."

"அவன்?"

அவனும் தப்பு, உலகத்தில் இப்படி ஒருத்தன் இருக்க மாட்டான் என்று சொல்லத்தான் நினைத்தேன். அப்படிச் சொல்லித்தானே இத்தனை காலம் அந்த வாசலில் நின்றவனை மன்னித்து வைத்திருந்தேன். ஆனால் அந்த வசனத்தில் பொய் என்று சொல்ல ஒரு சொல்கூட இல்லை. யாரும் பேசக்கூடியதுதான். அவனும் பேசியிருக்கலாம்.

"அவன் சரியாத்தான் இருக்கான்டி" என்றேன்.